தழும்பு விழுந்த சிறுநீரகத்தில் மீண்டும் கல்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு முறை திறந்து ஆபரேஷன் செய்த சிறுநீரகத்தில் மறுபடியும் கல் வந்தால், கல்லைவிடப் பெரிய சிக்கல் அதை எட்டும் வழிதான். கல்லை உடைக்க இன்று நல்ல கருவிகள் இருக்கின்றன. ஆனால் முதுகுத் தோலிலிருந்து கல் இருக்கும் இடம் வரை உள்ள சில சென்டிமீட்டர் தூரம் பழைய ஆபரேஷனால் இயல்பு மாறிப் போயிருக்கும். அடையாளம் வைத்துக்கொள்ளும் எலும்பு இருக்காது, குடல் இடம் மாறியிருக்கும், ஊசி நேராகப் போகாது. இந்த ஆய்வு பெரும்பாலும் அந்தச் சில சென்டிமீட்டரைப் பற்றியது. யூராலஜி பயிற்சியில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இதே நிலையில் இருக்கும் நோயாளியோ குடும்பத்தாரோ படித்தாலும் புரிய வேண்டும் என்பதால் சில அடிப்படைகளையும் சேர்த்திருக்கிறேன். நோயாளியின் சம்மதத்தோடு, அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கி எழுதியது இது.

நோயாளி

54 வயதுப் பெண். இடது பக்கம் விலாவுக்குக் கீழே பல மாதங்களாக மந்தமான வலி. இடையிடையே குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் அடங்கிவிடும், அப்புறம் சில வாரங்களில் திரும்ப வரும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து எதுவும் இல்லை.

19 ஆண்டுகளுக்கு முன்பு அதே சிறுநீரகத்தில் கல்லுக்காக ஓபன் ஆபரேஷன் நடந்திருக்கிறது. தழும்பு முதுகுப் பக்கம் தொடங்கி, விலாவின் கீழ் ஓரத்தை ஒட்டி, வயிற்றின் முன்பக்கம் வரை வந்திருந்தது. நிற்க வைத்துப் பார்த்தபோது அந்தப் பக்கம் லேசாகப் புடைத்துத் தெரிந்தது. இருமச் சொன்னபோது புடைப்பு தனியாகத் துருத்திக்கொண்டு வரவில்லை, கைக்கு ஓட்டை எதுவும் தட்டுப்படவில்லை. பழைய வெட்டில் தசைக்குப் போகும் நரம்பு அறுபட்டு, தசை தளர்ந்ததால் வந்த புடைப்பு அது, குடலிறக்கம் இல்லை. இதைப் பிரித்தறியாமல் மேலே போகக் கூடாது. குடலிறக்கமாக இருந்தால் ஊசி போகும் பாதையிலேயே குடல் இருக்கலாம்.

அவர் கேட்ட முதல் கேள்வி: "டாக்டர், மறுபடியும் அதே மாதிரி வெட்டணுமா?" முதல் ஆபரேஷனுக்குப் பிறகு பல வாரங்கள் நிமிர்ந்து நடக்க முடியாமல் இருந்ததை மறக்கவே முடியவில்லை என்றார்.

"இல்லம்மா. இந்தத் தடவை ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான வெட்டுதான். ஆனா ஒரே தடவையில எல்லாக் கல்லும் வந்துடும்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது."

இரண்டாவது தடவை தேவைப்படலாம் என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆபரேஷன் மேஜையில் நிறுத்த வேண்டிய கட்டம் வரும்போது, நோயாளிக்கு என்ன சொல்வது என்ற தயக்கம் கையைத் தொடர்ந்து வேலை செய்யத் தூண்டும். முன்பே பேசிவிட்டால் அந்த நெருக்கடி இருக்காது.

அவருடைய மகள் வீட்டிலிருந்து பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்து வந்தார். அதில் இருந்த மூன்று வரிகள் பல பரிசோதனைகளைவிட உதவின. முதலாவது, அன்று 12ஆவது விலாவின் வெளிப்பகுதி வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது, சிறுநீரகத்தின் நடுக்குழியான பெல்விஸைத் திறந்ததோடு, மேல்பகுதியில் சிறுநீரகத் திசுவையும் சிறிதாகக் கீறிக் கல் எடுத்திருக்கிறார்கள். மூன்றாவது, ஆபரேஷனுக்குப் பிறகு பத்து நாள் காயத்தின் வழியே சிறுநீர் கசிந்திருக்கிறது.

விலா இல்லை என்றால், ஊசி போடும் உயரத்தைத் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய முடியாது. திசுவைக் கீறியிருந்தால் அந்த இடத்துக் கிண்ணத்தின் (கேலிக்ஸ், சிறுநீர் முதலில் வந்து சேரும் சின்னக் குழி) கழுத்து சுருங்கியிருக்க வாய்ப்பு உண்டு. சிறுநீர் கசிந்திருந்தால் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு இறுகி நார்த்திசுவாக மாறியிருக்கும். மூன்றும் உண்மை என்பது பின்னால் தெரிந்தது. நோயாளிகளிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இது: ஆபரேஷன் எவ்வளவு பழையதானாலும் அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் 1.2 மில்லிகிராம், ஹீமோகுளோபின் 11.6 கிராம். யூரின் கல்ச்சரில் ஈ.கோலை கிருமி வளர்ந்தது. எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்து ஏழு நாள் ஆன்டிபயாட்டிக் கொடுத்தோம். மறு கல்ச்சரில் கிருமி இல்லை என்று வந்த பிறகுதான் ஆபரேஷன் தேதி குறித்தோம். சர்க்கரையும் அதற்குள் கட்டுக்கு வந்திருந்தது.

ஸ்கேனில் தெரிந்தது

மருந்து செலுத்தாத சிடி ஸ்கேனில் பெல்விஸில் 24 x 18 மி.மீ. கல். அதன் ஒரு கிளை கீழ்க் கிண்ணத்துக்குள் இறங்கியிருந்தது. மேல் கிண்ணத்தில் தனியாக 9 மி.மீ. கல் ஒன்று. கல்லின் அடர்த்தி சுமார் 1,150 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு. 1,000க்கு மேல் போனாலே கடினமான கல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வழக்கமாக இத்தோடு நிறுத்திவிடுவோம். இவருக்கு இன்னும் இரண்டு காரியம் செய்தோம். மருந்து செலுத்தி, அது சிறுநீரில் இறங்கும் கட்டத்தில் ஒரு ஸ்கேன். அப்புறம் குப்புறப் படுக்க வைத்து ஒரு ஸ்கேன். முதலாவதில் மேல் கிண்ணத்தின் கழுத்து நூல் போலச் சுருங்கியிருப்பது தெரிந்தது. கீறல் விழுந்த பழைய இடம் அதுதான். இரண்டாவது ஸ்கேன்தான் திட்டத்தையே மாற்றியது. மல்லாக்கப் படுத்திருக்கும்போது சிறுநீரகத்துக்குப் பக்கவாட்டில் இருந்த பெருங்குடல், குப்புறப் படுத்ததும் கீழ்ப்பகுதிக்குப் பின்னால் நழுவி வந்திருந்தது. கீழ்க் கிண்ணத்துக்கு நேராக ஊசி போட்டால் குடலைக் குத்திக்கொண்டுதான் போக வேண்டியிருக்கும்.

சிறுநீரகத்துக்குப் பின்னால் பெருங்குடல் வருவது யாருக்கும் இருக்கலாம், குப்புறப் படுக்கும்போது அது கூடுதலாகத் தெரியும். ஏற்கெனவே ஆபரேஷன் நடந்த பக்கத்தில் ஒட்டுதல்களால் குடல் எங்கே இழுக்கப்பட்டிருக்கும் என்று ஊகிக்கவே முடியாது. ஆபரேஷனை எந்த நிலையில் செய்யப் போகிறோமோ அதே நிலையில் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது இவர்களைப் போன்றவர்களுக்கு அவசியம் என்று நினைக்கிறேன்.

விலாக்களை முதுகெலும்பிலிருந்து எண்ணினோம். விரலால் தொடும்போது கடைசி விலா என்று தோன்றியது உண்மையில் 11ஆவது விலா. 12ஆவதில் முதுகெலும்பை ஒட்டிய குட்டையான மிச்சம் மட்டுமே இருந்தது. நுரையீரலைச் சுற்றிய உறையின் கீழ் ஓரம் 12ஆவது விலாவின் மேலாகக் கடந்து போகும். ஆகவே 'கடைசி விலாவுக்குக் கீழேதானே போடுகிறேன்' என்று நம்பிப் போடும் ஊசி இவருக்கு அந்த உறையைத் துளைத்து, நெஞ்சுக்குள் தண்ணீர் இறங்க வழி செய்திருக்கலாம்.

ஒவ்வொரு சிறுநீரகமும் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டிஎம்எஸ்ஏ ஸ்கேனில் இடது சிறுநீரகம் மொத்த வேலையில் 39 சதவீதம் செய்வதாக வந்தது. காப்பாற்ற வேண்டிய சிறுநீரகம்.

எந்த வழி

வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைக்கும் முறை 1980இல் மியூனிக்கில் முதல் நோயாளிக்குச் செய்யப்பட்டதிலிருந்து ஏராளமான வெட்டுகளைத் தவிர்த்திருக்கிறது. ஆனால் 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட, கடினமான, கீழ்க் கிண்ணத்துக்குள் கிளை விட்ட கல்லுக்கு அது பொருந்தாது. உடைந்தாலும் துண்டுகள் வெளியே வர நல்ல வடிகால் வேண்டும், இங்கே அது இல்லை.

சிறுநீர்ப்பாதை வழியாகவே வளையும் கருவியை மேலே அனுப்பி லேசரால் பொடிக்கும் ஆர்ஐஆர்எஸ் முறையில் தழும்பைத் தொடவே வேண்டாம். அது பெரிய கவர்ச்சி. ஆனால் இந்த அளவு கல்லுக்குப் பல தடவை செய்ய வேண்டிவரும். திரும்பத் திரும்பத் தொற்று வந்த சிறுநீரகத்துக்குள் நீண்ட நேரம் தண்ணீர் பாய்ச்சினால், உள்ளே அழுத்தம் கூடிக் கிருமி ரத்தத்துக்குள் தள்ளப்படும் ஆபத்தும் இருக்கிறது. சிறுநீரகத்துக்குள் அழுத்தம் 30 மில்லிமீட்டர் பாதரசம் அளவைத் தாண்டும்போது இந்தப் பின்னோட்டம் தொடங்குகிறது என்பதை எப்போதும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மறுபடியும் திறந்து செய்வது பற்றி அதிகம் யோசிக்கவில்லை. நார்த்திசுவில் புதைந்த சிறுநீரகத்தைப் பிரித்து எடுக்கும்போது பெரிய ரத்தக் குழாய் கிழிந்தால், கல்லுக்காகப் போய் சிறுநீரகத்தையே இழக்க நேரிடலாம். லேப்ராஸ்கோப்பிலும் அதே ஒட்டுதல்தான் எதிரே நிற்கும்.

மிஞ்சியது பிசிஎன்எல். முதுகுத் தோல் வழியாகச் சிறு துளை போட்டு நேராகக் கல்லை எட்டும் முறை. கல் எடுப்பதற்காகவே இப்படி வழி போட்டதை 1976இல் ஸ்டாக்ஹோமிலிருந்து ஃபெர்ன்ஸ்ட்ரோமும் யோஹான்சனும் வெளியிட்டார்கள். 2 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட சிறுநீரகக் கல்லுக்கு இன்றும் வழிகாட்டு நெறிகள் முதலில் சொல்வது இதைத்தான். கல்லின் சிக்கலை நிலைகளாகப் பிரிக்கும் கைஸ் ஸ்கோரின்படி, இவருடையதைப் போல பெல்விஸிலிருந்து கிண்ணத்துக்குள் கிளை விட்ட கல், அதாவது பாதி மான்கொம்புக் கல், மூன்றாம் நிலை. ஒரே முறையில் முழுக்கச் சுத்தமாகும் என்று எதிர்பார்க்கக் கூடாத நிலை அது.

துளையின் அளவில் கொஞ்சம் விவாதம் இருந்தது. வழக்கமான பிசிஎன்எல்லில் 24 முதல் 30 ஃபிரெஞ்ச் வரை, அதாவது 8 முதல் 10 மி.மீ. வரை வழியை விரிப்போம். மினி முறையில் சுமார் 5 முதல் 7 மி.மீ. போதும். பெரிய வழியில் கல் சீக்கிரம் வெளியே வரும், உள்ளழுத்தமும் குறைவாக இருக்கும். ஆனால் தழும்புத் திசுவை எவ்வளவு விரிக்கிறோமோ அவ்வளவு பலம் கொடுக்க வேண்டும், வழி தப்பும் வாய்ப்பும் அவ்வளவு கூடும். ஆகவே 18 ஃபிரெஞ்ச், 6 மி.மீ., உறிஞ்சும் வசதியுள்ள ஷீத் (கருவிகள் போய்வரும் குழாய்) என்று முடிவு செய்தோம். உறிஞ்சல் இருந்தால் அழுத்தக் கவலை குறையும்.

ஆபரேஷன்

முழு மயக்கத்தில், முதலில் சிறுநீர்ப்பைக்குள் பார்க்கும் சிஸ்டோஸ்கோப் வழியாக இடது யூரிட்டருக்குள் (சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் பாதை) மெல்லிய குழாய் ஒன்றை ஏற்றிவிட்டு, நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்தோம். அந்தக் குழாய் வழியாக நிறமருந்து செலுத்தினால் கிண்ணங்கள் எக்ஸ்ரேயில் தெரியும். டிரனெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் ரத்தக் குழாய் வழியே கொடுத்தார் மயக்க மருந்து நிபுணர். பிசிஎன்எல்லில் ரத்தப்போக்கை இது குறைப்பதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, இவரைப் போன்றவருக்கு அதைக் கொடுக்காமல் இருக்கக் காரணம் தெரியவில்லை.

தேர்ந்தெடுத்தது நடுப்பகுதியில் பின்பக்கம் பார்த்திருக்கும் கிண்ணத்தை. கீழே குடல், மேலே நுரையீரல் உறையும் மண்ணீரலும். நடுவில்தான் பாதுகாப்பான ஜன்னல் இருந்தது. சிறுநீரக ரத்தக் குழாயின் முன் கிளையும் பின் கிளையும் சந்திக்கும் எல்லைக்கோட்டில் ரத்த ஓட்டம் குறைவு என்பதால், பின்பக்கக் கிண்ணத்தின் நுனி வழியாக நுழைவது எப்போதுமே விதி. கழுத்து வழியாக நுழைந்தால் பெரிய குழாய் கிழியும்.

ஊசியை அல்ட்ராசவுண்டும் சி-ஆர்ம் எக்ஸ்ரேயும் சேர்த்துப் பார்த்துச் செலுத்தினோம். குடல் எங்கே இருக்கிறது என்று எக்ஸ்ரே தெளிவாகக் காட்டாது, அல்ட்ராசவுண்ட் காட்டும். கிண்ணத்தின் ஆழமும் கோணமும் எக்ஸ்ரேயில் நன்றாகத் தெரியும்.

பயிற்சியில் இருப்பவர்கள் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆபரேஷன் செய்யாத சிறுநீரகம் பஞ்சுப் பொதிக்குள் வைத்தது போல் கொழுப்புக்குள் மிதந்துகொண்டிருக்கும். மூச்சு இழுத்தால் இறங்கும், விட்டால் ஏறும். 18 கேஜ் ஊசி சிறுநீரகத்தைத் தொட்டதும் அதன் வெளி முனை மூச்சோடு சேர்ந்து ஆடும். 'சிறுநீரகத்துக்குள் வந்துவிட்டோம்' என்று அந்த ஆட்டத்தை வைத்துத்தான் பலரும் உணர்கிறோம். இவருக்கு ஊசி ஆடவே இல்லை. சிறுநீரகம் பின் சுவரோடு ஒட்டிப்போயிருந்தது. சிறுநீரக உறையைத் துளைக்கும்போது கைக்குக் கிடைக்கும் 'பொத்' என்ற உணர்வும் கிடைக்கவில்லை. தோலுக்கு அடியிலிருந்து கிண்ணம் வரை ஒரே மாதிரியான கரடு முரடான தடை. கையின் உணர்வை நம்பியிருந்தால் ஊசி கிண்ணத்தைத் தாண்டிப் போயிருக்கும். ஆழத்தைப் படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தோம். உள்ளூசியை உருவியதும் சிறுநீர் சொட்டியது, நிறமருந்து கிண்ணத்தின் வடிவத்தில் நிறைந்தது. அதன் பிறகுதான் கைட்வயர் என்ற வழிகாட்டிக் கம்பி.

முதல் தடவை ஊசி தழும்பில் பட்டுத் திசை மாறியது. வளைந்த ஊசியை உள்ளேயே திருப்பிச் சரிசெய்யப் பார்ப்பது வழக்கத்தில் பலர் செய்வதுதான். தழும்பில் அது வேலைக்கு ஆகாது. முழுக்க வெளியே எடுத்து, தோலில் நுழையும் இடத்தையே சற்று நகர்த்தி, புதிய கோட்டில் போக வேண்டும். அப்படியே செய்தோம்.

வழுக்கும் மேற்பூச்சு உள்ள 0.035 அங்குலக் கைட்வயர் பெல்விஸைத் தாண்டி யூரிட்டருக்குள் இறங்கியது. பிறகு அதற்குப் பதிலாக விறைப்பான கம்பி ஒன்று, கூடவே பாதுகாப்புக்கு இரண்டாவது கம்பி. தழும்பு விழுந்த சிறுநீரகத்தில் இரண்டாவது கம்பி இல்லாமல் விரிக்கத் தொடங்கக் கூடாது. விரிக்கும்போது முதல் கம்பி மடங்கிப் போனால் திரும்பி வர வழி அதுதான்.

மடங்கவும் செய்தது. வழியை விரிக்கும் பிளாஸ்டிக் டைலேட்டரைச் செலுத்தியபோது அதன் முனை தசை உறையில் முட்டி நின்றது. சற்று அழுத்தியதும் சி-ஆர்மில் கம்பி உறைக்கு வெளியே வில் போல வளைய ஆரம்பித்தது. இந்த ஒரு படத்தை அடையாளம் காணத் தெரிந்தால் பெரும்பாலான விபத்துகளைத் தவிர்க்கலாம். கம்பி வளைந்த பிறகும் தள்ளினால், டைலேட்டர் கம்பியை விட்டு விலகிப் புது வழி தோண்டும், அல்லது தடை திடீரென விட்டுக்கொடுத்து பெல்விஸின் முன் சுவரைத் துளைக்கும். உடனே நிறுத்தினோம். டைலேட்டரை எடுத்துவிட்டு, கம்பியின் மேலாகவே உறை வெட்டும் ஊசியைச் செலுத்தித் தசை உறையையும் அதற்குக் கீழிருந்த தழும்பையும் மெதுவாகக் கீறினோம். அப்புறம் உலோக டைலேட்டர். உலோகம் வளையாது, கொடுக்கும் பலம் நேராக முன்னால் போகும். தள்ளுவதைவிடத் திருகித் திருகி, ஒவ்வொரு சில மில்லிமீட்டருக்கும் ஒரு படம் பார்த்து முன்னேறினோம். 6 மி.மீ. ஷீத் உட்கார்ந்தது.

பலூன் வைத்து விரிப்பதை நான் இவர்களுக்குத் தேர்ந்தெடுப்பதில்லை. இறுகிய தழும்பு இருக்கும் இடத்தில் பலூனின் இடுப்பு விரியாமல் அப்படியே நிற்கும். அழுத்தத்தை ஏற்றினால் பலூன் வெடிக்கும், தழும்பு விடாது.

ஒட்டிப்போன சிறுநீரகத்தில் ஒரு வசதியும் உண்டு. சாதாரணமாக டைலேட்டரைத் தள்ளும்போது சிறுநீரகம் முன்னால் விலகிப் போகும், நாம் விரித்த ஆழம் ஏமாற்றும். இங்கே அது நகரவே இல்லை. உறையைத் தாண்டிய பிறகு வேலை எதிர்பார்த்ததைவிடச் சுலபமாகவே இருந்தது. ஷீத்தைச் சுற்றிக் கசிவும் மிகக் குறைவு.

உள்ளே கருவியைச் செலுத்தியதும் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தில் கல் தெரிந்தது. ஹோல்மியம் லேசரால் உடைத்து, துண்டுகளைத் தண்ணீரின் திரும்பு ஓட்டத்தோடும் உறிஞ்சலோடும் வெளியே கொண்டுவந்தோம். பெல்விஸில் இருந்த பகுதி சுத்தமாக வந்துவிட்டது. கீழ்க் கிண்ணத்துக்குள் இறங்கிய கிளைக்கு வந்தபோதுதான் ஒட்டுதலின் இன்னொரு முகம் தெரிந்தது. நேரான உலோகக் கருவியைச் சாய்த்துக் கீழே எட்ட வேண்டும் என்றால் சிறுநீரகம் கூடவே கொஞ்சம் திரும்பிக் கொடுக்க வேண்டும். நகராத சிறுநீரகத்தில் சாய்த்து நெம்பினால் கிண்ணத்தின் கழுத்துதான் கிழியும். பிசிஎன்எல்லில் ரத்தம் கொட்டும் சம்பவங்களில் நல்ல பங்கு இப்படி நெம்புவதால் வருவதுதான். நேரான கருவியை எடுத்துவிட்டு, யூரிட்டருக்குப் பயன்படுத்தும் வளையும் கருவியையே அதே ஷீத் வழியாகச் செலுத்தி, லேசரால் உடைத்துக் கூடைக் கம்பியால் துண்டுகளை எடுத்தோம். நேரம் கூடியது, கழுத்து முழுசாக இருந்தது.

மேல் கிண்ணத்துக் கல் மட்டும் மிச்சம். வளையும் கருவியோடு தேடினோம். சுருங்கிய கழுத்தின் வாய் இருக்க வேண்டிய இடத்தில் வெளுத்த தழும்பு மட்டும் தெரிந்தது. அதற்குள் தண்ணீரில் ரத்தச் சாயம் கலந்து பார்வையும் மங்கத் தொடங்கியிருந்தது. தனியாக மேலே இன்னொரு ஊசி போடலாம், ஆனால் அந்தக் கோடு நுரையீரல் உறைக்கு மிக அருகில். 9 மி.மீ. கல்லுக்காக அந்த ஆபத்தை எடுக்கத் தோன்றவில்லை. யூரிட்டருக்குள் டிஜே ஸ்டென்ட் என்ற உள்குழாயை வைத்து, முதுகு வழியாகச் சிறுநீரை வெளியே வடிக்கும் நெஃப்ரோஸ்டமி குழாய் ஒன்றையும் விட்டு முடித்தோம்.

நெஃப்ரோஸ்டமி குழாயே இல்லாமல் முடிக்கும் முறை இன்று பரவலாகிவிட்டது, பொருத்தமானவர்களுக்கு நானும் அதையே செய்கிறேன். மிச்சக் கல், தொற்று வரலாறு, இன்னொரு தடவை உள்ளே போக வேண்டிய வாய்ப்பு என மூன்றும் இருக்கும்போது குழாய் வைப்பதே சரி.

பிறகு

அன்று மாலை 101.4 டிகிரி காய்ச்சல். ரத்த அழுத்தம், நாடி, சிறுநீர் அளவு எல்லாம் சரியாக இருந்தன. ஆபரேஷனுக்கு முன்பு சிறுநீரில் கிருமி இல்லை என்று வந்திருந்தாலும், கல்லை நொறுக்கி அனுப்பிய கல்ச்சரில் ஈ.கோலை வளர்ந்தது. இது புதிதில்லை. கல்லுக்குள் ஒளிந்திருக்கும் கிருமி சிறுநீர்ப்பையிலிருந்து எடுக்கும் மாதிரியில் தெரியாமல் போகலாம். இதனால்தான் கல் கல்ச்சரையும் தனியாக அனுப்ப வேண்டும். காய்ச்சல் நீடித்து மருந்தை மாற்ற வேண்டி வந்தால் கையில் இருக்கும் நம்பகமான தகவல் அதுதான். இவருக்கு அதே மருந்து போதுமானதாக இருந்தது, இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது.

ஹீமோகுளோபின் 10.4க்கு இறங்கியது. ரத்தம் ஏற்றவில்லை. மார்பு எக்ஸ்ரேயில் தண்ணீரோ காற்றோ இல்லை. நெஃப்ரோஸ்டமி குழாயை மூடி வைத்துப் பார்த்து, வலியும் காய்ச்சலும் வராததால் எடுத்துவிட்டோம். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு விஷயத்தை மகளிடம் எழுதியே கொடுத்தோம்: அடுத்த மூன்று வாரங்களுக்குள் சிறுநீர் திடீரென்று கெட்டியான சிவப்பாகப் போனாலோ கட்டி கட்டியாக ரத்தம் வந்தாலோ காத்திருக்காமல் வர வேண்டும். துளைபட்ட ரத்தக் குழாயில் பொய் வீக்கம் உருவாகி, நாட்கள் கழித்து வெடிப்பது அபூர்வமாக நடக்கும். அப்போது தேவைப்படுவது ரத்தக் குழாய் வழியாகவே போய் அந்தக் கிளையை அடைக்கும் சிகிச்சை. இவருக்கு அது வரவில்லை.

நான்கு வாரம் கழித்து இரண்டாம் கட்டம், ஆர்ஐஆர்எஸ். ஸ்டென்ட் இருந்ததால் யூரிட்டர் நன்றாகத் தளர்ந்திருந்தது, ஷீத் தடையில்லாமல் ஏறியது. தெளிவான தண்ணீரில், நிறமருந்து செலுத்திப் பார்த்தபோது மேல் கிண்ணத்தின் வாய் ஊசிமுனை அளவில் தெரிந்தது. அதற்குள் கம்பியைக் கடத்தி, லேசரால் மேலோட்டமாக, ஒரே இடத்தில் ஆழமாகப் போகாமல் சில திசைகளில் கீறி அகலப்படுத்தினோம். உள்ளே இருந்த 9 மி.மீ. கல் பொடியானது. அன்றே வீட்டுக்குப் போனார். முதல் கட்டத்தில் கண்ணுக்கே தெரியாத வாய் இது. அன்றே பிடிவாதமாகத் தேடியிருந்தால் கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மூன்று மாதம் கழித்து எடுத்த குறைந்த கதிர்வீச்சு சிடியில் கீழ்க் கிண்ணத்தில் 2 மி.மீ. துணுக்கு ஒன்று மட்டும் இருந்தது. 4 மி.மீ. வரை உள்ள மிச்சங்களை முன்பு 'பொருட்படுத்த வேண்டாதவை' என்று வகைப்படுத்தினார்கள். அந்தப் பெயரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அவற்றில் ஒரு பகுதி வளரும், சில தொற்றுக்கு இடம் கொடுக்கும். பொருட்படுத்தித்தான் கண்காணிக்க வேண்டும்.

பழைய ஆபரேஷன் எவ்வளவு மாற்றுகிறது

ஓபன் ஆபரேஷன் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் பல நாடுகளிலிருந்து வந்திருக்கின்றன. பெரும்பாலானவற்றின் போக்கு ஒன்றுதான்: கல் முழுக்க நீங்கும் விகிதமும் பெரிய சிக்கல்களும் இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்று. வழி போடவும் விரிக்கவும் கூடுதல் நேரமும் கூடுதல் முயற்சியும் ஆகின்றன என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. பொதுவான அளவுகோலாக, 2007 முதல் 2009 வரை 5,803 நோயாளிகளைச் சேர்த்த க்ரோஸ் உலகளாவிய பிசிஎன்எல் ஆய்வைப் பார்க்கலாம். அதில் கல் நீங்கிய விகிதம் 75.7 சதவீதம், காய்ச்சல் 10.5 சதவீதம், குறிப்பிடத்தக்க ரத்தப்போக்கு 7.8 சதவீதம், நெஞ்சுக்குள் தண்ணீர் 1.8 சதவீதம். எல்லா வகை நோயாளிகளையும் சேர்த்த எண்கள் இவை. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தாலே நாலில் ஒருவருக்கு மிச்சம் இருக்கக்கூடும் என்பதைச் சொல்லி நோயாளியைத் தயார்ப்படுத்த இந்த எண்கள் உதவும்.

ஆனால் 'முடிவுகள் சமம்' என்ற வரியை அப்படியே எடுத்துக்கொண்டு, முன் ஆபரேஷன் இல்லாதவருக்குச் செய்வதைப் போலவே போய் நிற்கக் கூடாது. அந்தச் சமமான முடிவுகள் பெரும்பாலும் அனுபவமுள்ள மையங்களில், பாதையை மாற்றி யோசித்தவர்களிடமிருந்து வந்தவை. தழும்பு இருக்கிறது என்பதற்காக பிசிஎன்எல்லை மறுத்துத் திறந்த ஆபரேஷனுக்கு அனுப்புவதும் தவறு.

எல்லா முன் ஆபரேஷனும் ஒன்றில்லை. முன்பு பிசிஎன்எல் செய்தவருக்கு ஒரு குறுகிய தடத்தில் மட்டுமே தழும்பு இருக்கும், பெரிய தொந்தரவு தராது. அதிர்வலை சிகிச்சை பொதுவாக வழியைக் கெடுப்பதில்லை. பெல்விஸும் யூரிட்டரும் சேரும் இடத்தில் அடைப்பைச் சரிசெய்யும் பைலோபிளாஸ்டி செய்தவருக்கு அந்த இணைப்பு மீண்டும் சுருங்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சுருங்கியிருந்தால் கல்லை மட்டும் எடுத்துப் பயனில்லை. 1968இல் ஸ்மித்தும் பாய்ஸும் விவரித்த முறையில் சிறுநீரகத்தை நீளவாக்கில் பிளந்து மான்கொம்புக் கல் எடுக்கப்பட்டவர்கள் தனி வகை. இவர்களுக்குக் கிண்ணங்களின் அமைப்பே மாறியிருக்கும், மேலே சொன்ன எச்சரிக்கைகள் எல்லாமே இரட்டிப்பாகப் பொருந்தும்.

கல் ஏன் திரும்ப வந்தது

19 ஆண்டுகளில் இந்தக் கேள்வியை யாரும் இவரிடம் எழுப்பவில்லை என்பது எனக்கு வருத்தமாக இருந்தது. முதல் கல்லைப் பரிசோதனைக்கு அனுப்பியதாகப் பழைய காகிதத்தில் ஒரு வரியும் இல்லை. இந்த முறை அனுப்பினோம்: பெரும்பகுதி கால்சியம் ஆக்சலேட் மோனோஹைட்ரேட், கொஞ்சம் கார்பனேட் அபடைட் (கால்சியம் பாஸ்பேட் வகை). ரத்தத்தில் கால்சியமும் பாராதைராய்டு ஹார்மோனும் சரியாக இருந்தன. 24 மணி நேரச் சிறுநீரின் மொத்த அளவு 1.1 லிட்டர்தான். கல் படியாமல் தடுக்கும் சிட்ரேட் குறைவு, சோடியம் அதிகம்.

கல் உள்ளவர்கள் நாளொன்றுக்கு குறைந்தது 2.5 லிட்டர் சிறுநீர் போகும்படி நீர் குடிக்க வேண்டும். 'நிறைய தண்ணீர் குடியுங்கள்' என்று சொல்லி அனுப்பினால் நடக்காது. அளவுக் குவளை ஒன்றை வீட்டில் வைத்து, மாதம் ஒரு நாள் சிறுநீரை அளந்து பார்க்கச் சொன்னோம். உப்பைக் குறைத்தால் சிறுநீரில் கால்சியம் குறையும். கால்சியம் உள்ள உணவை நிறுத்த வேண்டாம் என்று அழுத்திச் சொன்னோம், ஏனென்றால் குடலில் கால்சியம் குறைந்தால் ஆக்சலேட் கூடுதலாக உறிஞ்சப்பட்டுச் சிறுநீருக்கு வரும். பொட்டாசியம் சிட்ரேட் தொடங்கியிருக்கிறோம், ஆனால் குறைந்த அளவில். அபடைட் கலந்த கல்லில் சிறுநீரின் காரத்தன்மை மிகவும் ஏறினால் அதே கல் மறுபடி படியலாம். சிறுநீரக வேலை சற்றுக் குறைந்தவர் என்பதால் ரத்தத்தில் பொட்டாசியத்தையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஆறு மாதத்தில் கிரியாட்டினின் 1.1. காய்ச்சல் திரும்பவில்லை, இரண்டு யூரின் கல்ச்சர்களும் சுத்தம். கடைசியாக அளந்த 24 மணி நேரச் சிறுநீர் 2.3 லிட்டர். அந்த 2 மி.மீ. துணுக்கு அல்ட்ராசவுண்டில் அதே இடத்தில், அதே அளவில் இருக்கிறது. அடுத்த ஸ்கேன் ஆண்டு முடிவில். அது வளர்ந்திருந்தால் ஆர்ஐஆர்எஸ் வழியாகவே எடுத்துவிடலாம் என்று அவரோடும் மகளோடும் பேசி வைத்திருக்கிறோம்.